கோடு போட்டால் நிற்க வேண்டும்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் முதல் வாரத்தில் செய்கிற தவறு ஒன்று உண்டு. எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் இரும்புத் தகட்டை எடுத்து வைத்து, சட்டைப் பையிலிருந்து பெர்மனென்ட் மார்க்கரை உருவி, சரசரவென்று கோடு இழுப்பான். முதல் இரண்டு அங்குலம் கறுப்பாக விழும். அப்புறம் முனை வழுக்கிக்கொண்டே போகும், கோடு வராது. உதறுவான், அழுத்துவான். அதற்குள் முனை எண்ணெயைக் குடித்துவிட்டிருக்கும். இனி அது சுத்தமான காகிதத்தில்கூட ஒழுங்காக எழுதாது. நானும் இப்படி இரண்டு மார்க்கரைக் கொன்றிருக்கிறேன்.

மை ஒட்டுவதற்கு முன்னால் அது பரப்பில் படர வேண்டும். பிள்ளைகளின் ஸ்கெட்ச் பேனாவால் பிளாஸ்டிக் டப்பாவில் எழுதிப் பாருங்கள். மை தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு நிற்கும். அது தண்ணீர் மை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக இழுத்துக்கொள்வதால் துளி விரிய மறுக்கிறது. பெர்மனென்ட் மார்க்கரில் தண்ணீருக்குப் பதில் ஆல்கஹால் இருக்கிறது. அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் பிளாஸ்டிக், கண்ணாடி, இரும்பு எதுவானாலும் படர்ந்துவிடும். எண்ணெய் மேலும் படரும், அங்கேதான் சிக்கல். மை பிடித்திருப்பது எண்ணெயை, இரும்பை அல்ல. துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் எண்ணெயோடு கோடும் போய்விடும்.

ஆல்கஹாலோடு அந்த மையில் இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு: நிறம் தரும் சாயம், அதைப் பரப்போடு ஒட்டவைக்கும் பிசின். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை ஆல்கஹால் ஆவியாகிப் போவதுதான். அது போனபின் பிசின் மெல்லிய தோலாகக் காய்ந்து சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. ‘பெர்மனென்ட்’ என்ற பெயருக்கு இதற்குமேல் அர்த்தம் இல்லை, தண்ணீரில் கரையாது, அவ்வளவே. வெள்ளைப் பலகையில் தெரியாமல் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால், அதன் மேலேயே அதே மார்க்கரால் இன்னொரு முறை எழுதி ஈரம் காய்வதற்குள் துடையுங்கள். புது ஆல்கஹால் பழைய பிசினையும் கரைத்துவிடும், இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

தண்ணீரைத் தாங்கினாலும் வெயிலைத் தாங்காது. எங்கள் மொட்டை மாடியில் எந்தக் குழாய் எந்த வீட்டுக்குப் போகிறது என்று சித்திரையில் சிவப்பு மார்க்கரால் எழுதி வைத்தேன். ஐப்பசி மழை வருவதற்குள் எழுத்து இருந்த சுவடே இல்லை. பிளம்பர் வேறு வால்வை மூடிவிட்டுப் போக, கீழ்வீட்டில் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் வரவில்லை. சாய மூலக்கூறுகளின் பிணைப்புகளைப் புற ஊதாக் கதிர் உடைத்துவிடுகிறது. உடைந்த மூலக்கூறுக்கு நிறம் இல்லை. பெயின்ட் மார்க்கர் அங்கே தப்பிக்கும். அதில் இருப்பது கரைந்த சாயம் அல்ல, கரையாத நிறமித் துகள். வெள்ளை என்றால் டைட்டானியம் டை ஆக்ஸைடு, சுவர்ப் பெயின்டில் இருக்கிற அதே பொடி. துகள் கனமானது, அடியில் தங்கிவிடும். குலுக்கும்போது உள்ளே டக்டக்கென்று உருளும் குண்டு அதைக் கலக்கிவிடத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் பரப்பின் மேல் உட்காரும் குறிகள். தீப்பட்டால் அவற்றைப் பிடித்திருக்கும் பிசின் கருகிவிடும், அது கரிமப் பொருள்தானே. அதனால் வெல்டர் கையில் பெரும்பாலும் மார்க்கர் இருக்காது, சோப்ஸ்டோன் குச்சிதான் இருக்கும். பாட்டி காலத்துக் கல்சட்டியைச் செய்த மாக்கல் ஜாதிதான் இது. முக்கியமான கனிமம் டால்க், முகத்துக்குப் போடும் பவுடரிலும் அதுவே. ஏடு ஏடாக அடுக்கியிருப்பதால் தேய்த்தால் உதிர்ந்து ஒட்டும். எரிவதற்கு அதில் எதுவும் இல்லை, இரும்பு செந்தணலாகச் சிவந்தாலும் வெள்ளைக் கோடு தெரியும்.

ஆனால் இரும்பை அளவாக வெட்டி, அரத்தால் அராவிப் பொருத்தும் ஃபிட்டருக்கு இந்தக் கோடெல்லாம் தடிமன். அரை மில்லிமீட்டர் அகலக் கோட்டில் எந்த ஓரத்தை வெட்டுவது? ஐ.டி.ஐ.யில் படித்தவர்களுக்கு மயில்துத்தம் ஞாபகம் வரும். செடிகளில் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் சேர்க்கிற அதே காப்பர் சல்பேட். தகட்டை எண்ணெய் போகத் துடைத்து, நீலக் கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தடவினால், கண் முன்னாலேயே சாம்பல் நிற இரும்பு செம்பாகிவிடும். முதன்முறை பார்க்கும்போது ரசவாதம் மாதிரி இருக்கும். உண்மையில் இது இடமாற்றம்தான். இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களைச் செம்பு அயனியிடம் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் போகிறது, செம்பு அந்த இடத்தில் உட்காருகிறது. செம்பு மூடிய இடத்தில் இரும்பு கரைசலைத் தொட முடியாது, எனவே வினை தானாகவே தளர்ந்துவிடும். கிடைப்பது மிக மெல்லிய படலம். அதன் மேல் ஸ்கிரைபரால், அதாவது கூரான எஃகு ஊசியால், கீறினால் செம்புக்கு நடுவே வெள்ளி மயிரிழை போல இரும்பு மின்னும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்த வித்தை பலிக்காது, அதன் மேல் ஏற்கெனவே குரோமியம் ஆக்ஸைடு காவல் இருக்கிறது. துத்தக் கரைசல் வெர்னியர் அளவுகோல் மேலோ மெஷின் படுக்கை மேலோ சிந்தினால் துருப் பிடிக்கும், மாஸ்டரிடம் திட்டும் கிடைக்கும்.

கீறல் நல்லதுதான், எல்லா இடத்திலும் அல்ல. தகட்டை மடிக்கப் போகிற கோட்டில் ஸ்கிரைபரை வைக்கக் கூடாது. மடிக்கும்போது இழுவிசை முழுக்க அந்தச் சிறு பள்ளத்தின் அடியில் குவிந்து, விரிசல் அங்கிருந்தே கிளம்பும். அங்கே பென்சில் போதும். அலுமினியம் என்றால் பென்சிலும் வேண்டாம். ஈரம் பட்டால் கிராஃபைட்டும் அலுமினியமும் ஒரு குட்டி பேட்டரியாகி, அலுமினியம் அரிக்கப்படும். விமானத் தகடுகளில் சாதாரணப் பென்சில் கூடாது என்பது இதனால்தான்.

கோடு கீறியபின் அதன் மேலேயே 60 டிகிரி முனையுள்ள டாட் பஞ்சை வைத்துச் சுத்தியலால் தட்டி வரிசையாகப் புள்ளி குத்துவார்கள். கோடு கைபட்டு மறைந்தாலும் புள்ளி இருக்கும். கோடு வரை அராவி முடித்ததும் ஓரத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் பாதி மிச்சம் இருக்க வேண்டும். முழுப் புள்ளி தெரிந்தால் இன்னும் அராவ வேண்டும், ஒன்றுமே தெரியாவிட்டால் துண்டு போச்சு. இதற்கு ‘விட்னஸ் மார்க்’, அதாவது சாட்சிப் புள்ளி என்று பெயர். துளை போடும் இடத்துக்கு வேறு பஞ்ச், 90 டிகிரி. அந்த அகலக் குழியில் டிரில் முனை இறங்கி உட்காரும், வழுக்கி ஓடாது.

பஞ்ச் குத்தும்போது கண்ணுக்குத் தெரிவது குழி மட்டும். அடியில் இன்னொன்று நடக்கிறது. குழிக்குக் கீழே உள்ள உலோகப் படிகங்கள் நசுங்கி, சுற்றியுள்ளதைவிட இறுகிவிடுகின்றன. குழியை அரைத்துச் சமமாக்கினாலும் அந்த நசுங்கிய பகுதி கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும். திருட்டு வண்டியின் சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணை கிரைண்டரால் அரைத்து, மேலே பெயின்ட் அடித்து விற்பவர்களை மாட்டிவிடுவது இதுதான். தடயவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தைக் கண்ணாடி போலத் தேய்த்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த காப்பர் குளோரைடைப் பஞ்சால் ஒற்றுகிறார்கள். நசுங்கிய உலோகம் அமிலத்துக்கு வேறு மாதிரி பதில் சொல்லும். அதிகம் அரைக்காமல் விட்டிருந்தால், வெறும் தகட்டில் எண்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மறைவதற்குள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.