குடியை விட வைக்க அரசு ஆஸ்பத்திரியில் என்ன கிடைக்கும்?

சென்னையில் ராயபுரம், வியாசர்பாடி பக்கம் ஒருவர் குடியை விட முடியாமல் தவித்தால், வீட்டில் முதலில் மாலை போட வைப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் கடன் வாங்கித் தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி யாருக்கும் சட்டென்று தோன்றாது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, கஞ்சா, மாத்திரைப் பழக்கத்தால் வரும் மனநலச் சிக்கல்களையும் மனநோயாகவே கணக்கில் எடுக்கிறது. ஆகவே அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுவது அவருடைய உரிமை. காலையில் ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டு போட்டு, மனநலப் பிரிவு என்று சொன்னால் போதும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கும் போகலாம். 2025-இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் தொடங்கியிருக்கிறது.

தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத ஆட்களோடு பேசுவார்கள். பேய் பிடித்துவிட்டது என்று தர்காவுக்கோ கோயிலுக்கோ அப்புறம் போகலாம். அந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள், உயிர் போகிற விஷயம் அது. 'அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டி விற்கும் மருந்தும் அப்படித்தான். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது அவர் சரக்கு அடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாயலாம்.

தனியார் மையம்தான் என்றால், மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் சேர்க்காதீர்கள். சங்கிலியால் கட்டுவதும், கட்டாயப்படுத்தி மொட்டையடிப்பதும் சட்டப்படி கூடாது. அடித்தால்தான் திருந்துவான் என்று குடும்பத்தாரே சொன்னாலும் கூடாது.

கஞ்சா, போதை ஊசி விஷயத்தில் போலீஸ் பயம் நியாயமானதுதான். ஆனால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு உள்ளவர், தானே முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடலாம். விற்பவருக்கு இந்தச் சலுகை இல்லை.

நேரில் போகத் தயக்கமா? போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் பேசலாம், கட்டணமில்லை. அவர் வர மறுத்தாலும் மனைவியோ அம்மாவோ கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.