வரைபடத்தில் வெள்ளையாகக் கிடக்கும் இடம்

நெடுஞ்சாலைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் சிவப்பாகத் தீட்டிய இடங்களைத்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது நிறமே இல்லாமல் வெள்ளையாகக் கிடக்கும் இடங்களை. அங்கே பாதிப்பு இல்லையா, அல்லது யாரும் போய்ப் பார்க்கவே இல்லையா? இரண்டும் வரைபடத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒரு திட்டத்தில், பாதை போகும் வழியில் தாழ்வான நிலம் ஒன்று. நிலப்பயன்பாட்டு அடுக்கில் அது 'தரிசு'. மழைக்குப் பிறகு நேரில் போனால் முழங்கால் அளவு தண்ணீர்; தவளைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. காரணம் எளிமையானது. மழைக்காலச் செயற்கைக்கோள் படங்களை மேகம் மறைத்துவிடும், அதனால் தெளிவான கோடைப் படத்தை எடுத்து வகைப்படுத்தியிருந்தோம். மழையில் மட்டும் நிரம்பும் குட்டை கோடையில் வெறும் மண்தானே! சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள் மேகத்தைத் தாண்டியும் பார்க்கும். அதன் மழைக்காலப் படத்தையும் சேர்த்திருக்க வேண்டும். சோம்பல் எங்களுடையது.

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டர், சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 10 மீட்டர். சாலைக்காக எடுக்கும் 60 மீட்டர் அகல நிலப்பட்டை லேண்ட்சாட்டில் இரண்டே பிக்சல்தான். சாலைக்கு அடியில் இருக்கும் இரண்டு மீட்டர் கல்வெர்ட்டு, அதாவது தண்ணீர் போகும் சிறுபாலம், எதிலும் தெரியாது. ஆனால் வெள்ளமும் சிறு விலங்குகளும் கடப்பது அதன் வழியாகத்தான். உயரத் தரவுக்குப் பலரும் இன்னும் எடுப்பது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாளில் அளந்ததை. அதற்குப் பிறகு போட்ட மண்கரை எதுவும் அதில் இருக்காது. கணினியில் தண்ணீர் அந்தக் கரையைத் தாராளமாகத் தாண்டிப் போகும். நிஜத்தில் தேங்கி நிற்கும்.

இதைவிட என்னை உறுத்துவது உயிரினத் தரவு. மனிதர்கள் எளிதாகப் போகும் இடத்தில்தான் பதிவுகள் குவியும், அதாவது ஏற்கெனவே இருக்கும் சாலைகளின் ஓரத்தில். யாரும் நுழையாத காட்டில் ஒரு புள்ளிகூட இருக்காது. புதுப் பாதைக்கு இடம் தேடும் கணக்கு அதை 'பாதிப்புக் குறைந்த வழி' என்று தேர்ந்தெடுக்கும். சாலையில் அடிபட்ட விலங்குகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். தவளை, சிறு பறவை போன்றவற்றின் உடலைக் காகமோ நாயோ சில மணி நேரத்தில் இழுத்துப் போய்விடும். வாரம் ஒருமுறை எண்ணப் போனால் பெரிய விலங்குகள் மட்டுமே கணக்கில் வரும்.

சரி, அறிக்கையைப் படிப்பவர் என்ன செய்யலாம்? படம் எடுத்த மாதம் எது, களத்துக்கு எப்போது, எத்தனை நாள் போனார்கள் என்று முதலில் தேடுங்கள். மாதத்தைக் குறிப்பிடாத அறிக்கை என்றால் எழுதிக் கேளுங்கள்.

என் வரைபடங்களில் இப்போதெல்லாம் யாரும் போய்ப் பார்க்காத இடத்துக்குச் சாம்பல் கோடு போட்டு, குறிவிளக்கத்தில் 'ஆய்வு செய்யப்படவில்லை' என்று எழுதிவிடுகிறேன். போன முறை திட்டக்காரர்கள் அதை நீக்கச் சொன்னார்கள், வேலை அரைகுறையாகத் தெரிகிறதாம். நீக்க வேண்டுமானால் மழைக்காலத்தில் ஐந்து நாள் களத்துக்குப் போக வேண்டும் என்றேன். இரண்டு நாள் கொடுத்தார்கள். பாதிக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.