கோடையில் களைத்துப்போகும் பனிச்சறுக்குப் பிள்ளைகள்

நோர்வேயில் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சி ஆண்டு மே 1ஆம் திகதி தொடங்குகிறது. பனி உருகிக் காட்டுப் பாதைகள் சேறாய்க் கிடக்கிற அந்த நாட்களிலேயே அடுத்த மார்ச் மாதத்துக்கான வேலை ஆரம்பமாகிவிடும். நவம்பரில் பைத்தொஸ்தோலன் என்ற மலை ஊரில் பருவத்தின் முதல் போட்டிகள் நடக்கும்வரை ஓட்டம், மலையேற்றம், சைக்கிள், பாரம் தூக்குதல், தார் வீதியில் ரோலர் ஸ்கீ (சில்லுப் பூட்டிய ஸ்கீ) என்றுதான் காலம் போகும்.

நான் ஒஸ்லோவில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். என்னிடம் வரும் இளையவர்களில் பலர் கழகங்களிலும் விளையாட்டுப் பள்ளிகளிலும் போட்டிக்காகப் பனிச்சறுக்குப் பழகுகிறவர்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். ஓகஸ்ட், செப்டெம்பர் ஆனால் ஒரே முறைப்பாடுதான்: "கால் கனக்குது, எவ்வளவு ஓடினாலும் நேரம் குறையுதில்லை, களைச்சுப்போய்ப் படுத்தாலும் நித்திரை வருதில்லை." உடனே வீட்டில் "பயிற்சி கூடிப்போச்சு, கொஞ்ச நாள் விடு" என்கிறார்கள். விட்டால் களைப்பு ஓரளவு குறையும். காரணம் மட்டும் அப்படியே இருக்கும், ஆறு கிழமையில் பிள்ளை திரும்பி வரும். நான் பார்த்த அளவில், பயிற்சியின் மணித்தியாலக் கணக்கு மட்டுமே காரணமாக இருப்பது குறைவு. இலேசாகப் போகவேண்டிய நாளில் கடினமாகப் போயிருப்பார்கள், அல்லது செய்கிற பயிற்சிக்குச் சாப்பாடு போதாமல் இருந்திருக்கும். அநேகமாக இரண்டும் சேர்ந்திருக்கும்.

நோர்வேயின் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீராங்கனை மாரித் பியோர்கன் 15 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர், அதில் 8 தங்கம். அவருடைய பயிற்சிக் குறிப்பேடுகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியானது. 20 வயதில் அவர் ஆண்டுக்கு 522 மணித்தியாலம் பயிற்சி செய்திருக்கிறார். மிகச் சிறந்த ஆண்டுகளில் அது ஏறத்தாழ 940 மணித்தியாலம். அந்த 940ஐத்தான் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே போய்ச்சேர அவருக்குப் பதினைந்து வருடம் போனது. அதைவிட முக்கியமான இன்னொரு எண்ணும் அதே கட்டுரையில் இருக்கிறது: அவருடைய தாங்குதிறன் பயிற்சியில் ஏறத்தாழ 92 சதவீதம் குறைந்த தீவிரத்தில் செய்யப்பட்டது. உலகத்திலேயே வேகமாகப் போகக்கூடிய பெண், தன் நேரத்தில் பெரும்பகுதியைப் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் கழித்திருக்கிறார்.

இங்கே தேசிய உயர்தர விளையாட்டு அமைப்பான ஒலிம்பியாதொப்பன் வகுத்த ஐந்து தீவிர நிலைகளைத்தான் எல்லாரும் பின்பற்றுகிறார்கள். அதிகபட்ச இதயத்துடிப்பில் 60 முதல் 72 சதவீதம் வரை முதலாம் நிலை, 82 வரை இரண்டாம் நிலை. இலேசான நாள் என்றால் பெரும்பாலும் முதலாம் நிலை. சொல்வது சுலபம்தான்.

ஒரு பிள்ளையின் குறிப்பேட்டை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். வயது 17, அதிகபட்ச இதயத்துடிப்பு 200. அப்படியென்றால் முதலாம் நிலை 144இல் முடிய வேண்டும். செவ்வாய்: ஊன்றுகோல்களோடு மலையில் துள்ளி ஏறும் இடைவெளிப் பயிற்சி (கடினமாகவும் இலேசாகவும் மாறிமாறிச் செய்வது). புதன்: "இலேசான ரோலர் ஸ்கீ, 2 மணித்தியாலம், சராசரி 161." பக்கத்தில் சிரித்த முகம் ஒன்று வரைந்திருந்தாள். மணிக்கூட்டில் பதிவான இதயத்துடிப்பு வரைபடத்தைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் 180ஐத் தாண்டியிருக்கிறது. வியாழன்: பாரம் தூக்குதல், "கால் கனம்." வெள்ளி: மறுபடி இடைவெளிப் பயிற்சி, "இதயத்துடிப்பு ஏறவில்லை, பயிற்சியாளருக்குத் திருப்தியில்லை." அந்தப் பக்கத்தில் சிரித்த முகம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைக் குறிப்பு முக்கியமானது. காலையில் எழும்பும்போது இதயத்துடிப்பு கூடியிருந்தால் கவனமாக இருக்க வேண்டும் என்று பலருக்குத் தெரியும். கடினமாக முயன்றும் துடிப்பு ஏற மறுப்பதும் அதே அளவு கவனிக்கவேண்டிய அறிகுறி. பிள்ளை சோம்பலாய்ப் பயிற்சி செய்தது போலத்தான் வெளியே தெரியும். அதனால் இன்னும் கடினமாகச் செய்யச் சொல்லிவிடுவார்கள்.

அவளுடைய புதன்கிழமை ஏன் கெட்டது? ஒஸ்லோவைச் சுற்றி மேடு இல்லாத பாதையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரோலர் ஸ்கீயில் ஏற்றம் ஒன்றில் எவ்வளவு மெதுவாகப் போனாலும் இளையவர்களின் இதயத்துடிப்பு மூன்றாம் நிலைக்குப் போய்விடும். அதோடு குழுவாகப் போகும்போது தன்னைவிட மூத்த பையன்களோடு ஒட்டி நிற்கப் பார்க்கிறாள். இதற்கு அறிவுரை போதாது, ஏற்பாடு வேண்டும். சமதரையான பாதையைத் தெரிவு செய்யலாம். ரோலர் ஸ்கீச் சில்லுகளில் வேகமாக உருள்பவை, மெதுவாக உருள்பவை என்று வகைகள் உண்டு. இலேசான நாளுக்கு வேகமான சில்லைப் போட்டால் அதே வேகத்துக்குக் குறைந்த உழைப்பே போதும். ஓட்டத்தில் என்றால் ஏற்றம் வந்ததும் நடந்துவிடலாம். நடந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று எந்தப் பிள்ளையும் நினைக்காதபடி பயிற்சியாளர் தானே முதலில் நடந்து காட்ட வேண்டும்.

மே மாதத்துக்கே உரிய இன்னொரு பிரச்சினை முன்காலெலும்பு வலி. குளிர்காலம் முழுவதும் பனியில் வழுக்கிப் போகிறவர்களின் எலும்புக்கும் தசைநாணுக்கும் தரையில் மோதும் அதிர்ச்சி பழக்கமில்லை. ஆனால் இதயமும் நுரையீரலும் உச்ச நிலையில் இருக்கும். மூச்சு வாங்காததால் முதல் கிழமையிலேயே ஒன்றரை மணித்தியாலம் ஓடிவிடுகிறார்கள். எலும்பு தன்னை மாற்றிக்கொள்ள மாதக்கணக்காகும். முதல் சில கிழமைகளில் ஓட்டத்தைக் குறைந்த நேரமாக, மண்பாதையில் வைத்து, மீதி நேரத்தை சைக்கிளிலும் ரோலர் ஸ்கீயிலும் கழித்தால் இந்த வலியில் பெரும்பகுதி வராது. ஒரே இடத்தில், விரலால் தொட்டுக்காட்டக்கூடிய எலும்பு வலி என்றால் ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அழுத்த முறிவாக, அதாவது திரும்பத் திரும்ப அதிர்ந்து எலும்பில் விழும் நுண்ணிய வெடிப்பாக இருக்கலாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

"அக்கா, இவ இரவில சோறே தொடுறதில்லை. மாச்சத்து கூடாதாம்," என்றார் ஒரு தாய். மகள் பக்கத்தில் தலை குனிந்து இருந்தாள். பிறகு கேட்டுப் பார்த்தால், பள்ளியில் பதினொரு மணிக்கு இரண்டு துண்டுப் பாண், மண்ணிறச் சீஸ். பிற்பகல் மூன்று மணிக்குப் பயிற்சி. இடையில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து மரக்கறியும் கொஞ்சம் மீனும். சோற்றை ஒதுக்கியது அவளுடைய அணியில் யாரோ சொன்ன பேச்சால்.

கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 45 கிலோகலோரி அளவில், பயிற்சிக்குச் செலவானது போக, உடம்பிடம் மிஞ்ச வேண்டும். இது 30க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் உடம்பு ஒவ்வொரு செலவாகக் குறைக்கத் தொடங்கும்: மாதவிடாய், எலும்பு வளர்ச்சி, நோய் எதிர்ப்பு. 55 கிலோ எடையுள்ள பெண்ணிடம் கொழுப்பு நீங்கிய எடை 44 கிலோ என்று வைத்துக்கொண்டால், 45இன்படி ஏறத்தாழ 2000 கிலோகலோரி பயிற்சியைத் தவிர்த்து வேண்டும். இரண்டு மணித்தியால ரோலர் ஸ்கீக்குச் செலவாவதையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பாணும் மரக்கறியும் அந்தக் கணக்குக்குக் கிட்டவும் வராது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலேயே இந்த ஆற்றல் பற்றாக்குறை பற்றி ஒருமித்த அறிக்கை வெளியிட்டது. ஆண்களுக்கும் இது வரும் என்பதை அந்த அறிக்கை தெளிவாகச் சொன்னது. பெண்களில் மாதவிடாய் நிற்பது ஒரு எச்சரிக்கையாவது தரும். பையன்களில் அப்படிக் கண்ணுக்குத் தெரிவது இல்லாததால் பிந்தித்தான் பிடிபடுகிறது.

மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் "பயிற்சி செய்கிறவளுக்கு அப்படித்தான்" என்று எந்தத் தாயும் விட்டுவிடக் கூடாது. இங்கே பனிச்சறுக்குச் சம்மேளனம் இதைக் கடுமையாக எடுத்துக்கொள்கிறது. 2019 ஜனவரியில் டூர் டி ஸ்கீ தொடரை வென்ற இங்வில் ஃப்ளூக்ஸ்தாத் ஓஸ்ட்பெர்க்கை, சுகாதாரத் தகைமை பூர்த்தியாகவில்லை என்று, அடுத்த பருவத்தின் தொடக்கப் போட்டிகளில் இறங்க விடவில்லை. நாட்டின் முன்னணி வீராங்கனையையே நிறுத்திவைத்த அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். கழக மட்டத்திலும் அது வேண்டும்.

சோறு நல்ல சாப்பாடு. ஒரே நாளில் இரண்டு பயிற்சி இருந்தால், முதலாவது முடிந்த கையோடு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவில் மாச்சத்து போக வேண்டும். 55 கிலோப் பிள்ளைக்கு ஒரு கோப்பைக்குச் சற்றுக் கூடுதலான சோறு. பயிற்சிக்கு முன் வாழைப்பழமோ பாணோ பையில் இருக்கட்டும். கோடையில் உயர்மலை முகாம் போவதாக இருந்தால், சில கிழமைகளுக்கு முன்பே இரும்புச்சத்துச் சேமிப்பை இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். அது குறைவாக இருந்தால் அங்கே போய்ப் பெரிய பயனில்லை.

நித்திரையைப் பற்றி ஒன்று. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும். ஜூனில் இங்கே இருட்டுவதே இல்லை என்று சொல்லலாம். தடித்த, கறுப்புத் திரைச்சீலைக்குச் செலவிடுங்கள். விலைகூடிய மசாஜ் கருவிகளைவிட அது உதவும். ஐஸ் தண்ணீர்க் குளியல் இப்போது பிள்ளைகளிடம் பிரபலம். பாரம் தூக்கிய உடனே அதில் இறங்கினால் தசை வளர்ச்சி குறையலாம் என்பதால் நான் கோடையில் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நாலைந்து நாள் களைப்பு, ஓய்வெடுத்ததும் முன்பைவிட நல்லாயிருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். கடின முகாமுக்குப் பிறகு அது எதிர்பார்ப்பதுதான். ஒரு கிழமை முழுக்க இலேசாகச் செய்து, நன்றாகச் சாப்பிட்டு, நித்திரையும் கொண்ட பிறகும் அப்படியே இருந்தால் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். மிகைப்பயிற்சி நோய் என்பதை உறுதிப்படுத்த ஒரு தனிப் பரிசோதனை கிடையாது. இரும்புக் குறைவு, தைரொய்ட், வைரஸ் தொற்று, ஆற்றல் பற்றாக்குறை ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர முடியும். காய்ச்சல் இருக்கும்போது மட்டும் எந்தப் பயிற்சியும் கூடாது, இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து இருக்கிறது.

திரும்பிப் பயிற்சிக்கு வரும்போது முதலில் கிழமைக்கு எத்தனை தடவை என்பதைக் கூட்டுங்கள், அப்புறம் ஒவ்வொன்றின் நேரத்தை. இடைவெளிப் பயிற்சி கடைசியில் வரட்டும். செப்டெம்பரில் இப்படித் தொடங்குகிறவர்கள் நவம்பர் போட்டிகளைத் தவறவிடலாம். அதைப் பயிற்சியாளரோடு இப்போதே பேசி, ஜனவரியிலிருந்து போட்டிகளுக்குத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.