பூஸ்டர்: மாடல் ரயிலுக்கு எத்தனை ஆம்ப் வேண்டும்?

பூஸ்டர் என்றதும் நம்மூரில் ஆளுக்கொரு பொருள் நினைவுக்கு வரும். மொட்டை மாடி ஆன்டெனா காலத்து ஆள் என்றால், புள்ளி புள்ளியாகத் தெரிந்த டிவி படத்தைத் தெளிவாக்கிய சின்னப் பெட்டி. கொரோனாவுக்குப் பிறகு, தடுப்பூசியின் கூடுதல் தவணை. அபார்ட்மென்டில் இருப்பவருக்கு ஷவரில் தண்ணீர் வேகமாக வரவைக்கும் பம்பு. எல்லாவற்றிலும் கருத்து ஒன்றுதான், குறைவாக இருப்பதைத் தூக்கிவிடுவது. டிஜிட்டல் மாடல் ரயில் ஓட்டுகிறவர்கள் சொல்லும் பூஸ்டர் மட்டும் இந்த வரிசையில் சேராது. பெயரை நம்பி வாங்கினால் காசும் போகும், சில சமயம் இன்ஜினும் போகும்.

பூஸ்ட் என்ற வினைச்சொல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சில் தலைகாட்டியது. மதில் ஏறுகிறவனைக் கீழேயிருந்து முட்டுக்கொடுத்து மேலே தள்ளுவோமே, அதுதான் முதல் பொருள். அதற்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆங்கில அகராதிகளே கையை விரிக்கின்றன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மின்துறைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். டிராம் பாதைக்குப் போகும் நீளமான கம்பியில் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும், அதை ஈடுகட்ட லைனோடு தொடராக ஒரு சின்ன டைனமோவைச் சேர்த்தார்கள், அதற்குப் பூஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். இங்கே பெயரும் வேலையும் ஒன்று. 1920களை ஒட்டி அமெரிக்க நீராவி இன்ஜின்களில் பின்சக்கரத்துக்கென்று தனியாக ஒரு சிறு நீராவி எந்திரம் வைத்தார்கள், பாரமான வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் அது உதவும், வேகம் பிடித்ததும் கழன்றுகொள்ளும். அதுவும் பூஸ்டர்தான், பெயருக்கு நியாயம் செய்தது.

ரயில்வேயிலேயே இந்தப் பெயர் தடம் மாறிய இடமும் உண்டு. 25,000 வோல்ட் மின்பாதைகளில் பூஸ்டர் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்தால் வோல்டேஜை ஏற்றுவது போலிருக்கும், ஆனால் அது ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் சுற்றப்பட்டது, எதையும் ஏற்றாது. தண்டவாளத்தின் வழியாகவும் மண்ணின் வழியாகவும் திரும்பிப்போகிற மின்சாரத்தை மேலே இருக்கிற திரும்புகம்பிக்கு இழுத்துவிடுவதுதான் அதன் வேலை, பக்கத்தில் போகும் தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சல் வராமலிருக்க.

மாடல் ரயில் பூஸ்டரும் பெயருக்கும் வேலைக்கும் பொருந்தாத இந்த இரண்டாவது வகைதான். பழைய முறையில் கையில் ஒரு திருகு இருக்கும், திருகினால் தண்டவாளத்தில் வோல்டேஜ் ஏறும், எல்லா வண்டியும் சேர்ந்தே ஓடும். டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) எனப்படும் டிஜிட்டல் முறையில் அப்படியில்லை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ என்கிற மாடல் ரயில்காரர்கள் சங்கம் 1990களில் இதைத் தரநிலையாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே வோல்டேஜ், ஹெச்ஓ (HO) என்கிற மாடல் அளவுக்கு 14 அல்லது 15, அதைவிடச் சின்னதான ‘என்’ (N) அளவுக்கு 12 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிளஸ்ஸும் மைனஸும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். பாதிச் சுற்று 58 மைக்ரோ நொடி என்றால் அது 1. நூறு மைக்ரோ நொடி அல்லது அதற்கு மேல் என்றால் 0. இந்த 1, 0 வரிசையில்தான் ‘மூன்றாம் எண் இன்ஜின், மெதுவாகப் போ, ஹாரன் அடி’ என்கிற கட்டளை போகிறது. இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் அதைப் படித்து, அதே கம்பியிலிருந்து மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

கட்டளைகளை உருவாக்கும் பெட்டிக்குக் கட்டளை நிலையம் என்று பெயர். அதிலிருந்து வருகிற அந்தச் சைகை மிகவும் மெலிந்தது, ஒரு இன்ஜினைக்கூட நகர்த்தாது. தனியாக ஒரு அடாப்டரிலிருந்து வரும் கனத்த மின்சாரத்தை அந்தச் சைகையின் தாளத்துக்கு ஏற்பப் புரட்டிப் புரட்டித் தண்டவாளத்துக்கு அனுப்புவதுதான் பூஸ்டர். அடாப்டர் கொடுக்கிற வோல்டேஜை அது கூட்டுவதில்லை, கொஞ்சம் குறைக்கவே செய்யும். கூடவே எவ்வளவு ஆம்ப் போகிறது என்று கவனித்துக்கொண்டிருக்கும், வரம்பு தாண்டினால் வெட்டிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஊக்கி என்று போடலாம்தான், ஆனால் வேதியியலில் வினையூக்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, தடுப்பூசிக்காரர்களும் ஊக்கத் தவணை என்கிறார்கள். மின்னழுத்த உயர்த்தி என்பது நேரடியாகவே தப்பு, மேலே சொன்ன டிராம் டைனமோவுக்கு வேண்டுமானால் பொருந்தும். எனக்குச் சரியாகப் படுவது திறன் பெருக்கி. ஆம்ப்ளிஃபயருக்குப் பெருக்கி, பவருக்குத் திறன் என்பது பாடநூல் வழக்கு, புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. பெருக்கி என்றால் விளக்குமாறுதான் ஞாபகம் வருகிறது என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆடி 18க்கு மேட்டூருக்குப் போய் காவிரியைப் பார்க்கிற சேலத்துக்காரர்களுக்குப் பெருக்கு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பேச்சில் பூஸ்டர் என்றே சொல்லுங்கள், எழுதும்போதும் விளக்கும்போதும் திறன் பெருக்கி என்றால் எதிரில் இருப்பவருக்குப் பாதி வேலை புரிந்துவிடும்.

அடுத்து அந்தப் பெட்டியின் மேல் இருக்கிற எண். 3 ஆம்ப், 5 ஆம்ப், 8 ஆம்ப் என்று போட்டிருக்கும். ஆம்ப் என்பது ஆம்பியரின் சுருக்கம், பிரெஞ்சு அறிவியலாளர் ஆந்த்ரே மாரி ஆம்பியரின் பெயர், 1881இல் பாரிஸில் நடந்த மின்னியல் மாநாட்டில் அலகாக ஏற்றார்கள். அந்த எண் பூஸ்டர் தள்ளுகிற அளவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 5 ஆம்ப் போட்டால் இன்ஜின் வேகமாக ஓடுமா என்று கேட்கிறவர்களும் உண்டு, 5 ஆம்ப் போட்டால் டீகோடர் கருகிவிடுமா என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இரண்டுமே இல்லை. இன்ஜின் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். அந்த எண் மேல்வரம்பு, அவ்வளவு வரைக்கும் விடுவேன், அதற்கு மேல் வெட்டுவேன் என்று பெட்டி சொல்கிறது. அதனால் அதைத் தமிழில் மின்னோட்ட வரம்பு என்று எழுதுவதுதான் பொருத்தம்.

எவ்வளவு வரம்பு போதும்? சேலம் சூரமங்கலத்தில் ஒரு நண்பர் மாடி அறையில் ஹெச்ஓ லேஅவுட் போட்டிருக்கிறார். ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் போகுமே தவிர ஏற்காட்டுக்குப் போகாது, மலைக்கு ரயிலே கிடையாது என்பது அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே மனத்தாங்கல், அதனால் ஜங்ஷனிலிருந்து சேர்வராயன் மலைக்கு அவரே பாதை போட்டுவிட்டார். நிஜ மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் பலகையில் அடங்கவில்லை, இரண்டோடு நிறுத்திக்கொண்டார். நூற்றுக்கு மூன்று ஏற்றம், ரெட்டை இன்ஜின். இப்போது வாங்கும் ஹெச்ஓ இன்ஜின் சமதளத்தில் கால் ஆம்பிலிருந்து அரை ஆம்ப் வரை எடுக்கும், ‘என்’ அளவு இன்னும் குறைவு, பழைய மோட்டார் உள்ளவை ஒரு ஆம்பைத் தொடும். அவர் மலையில் ஏறும் இரண்டுக்கும் தலா 0.6 என்று வைத்தார், கீழே ஓடுகிற ஒன்றுக்கு 0.4, லைனில் நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும் சவுண்ட் இன்ஜின் மூன்றுக்கும் தலா 0.1. பத்துப் பெட்டி வண்டியில் எல்இடி விளக்கு, பெட்டிக்கு 15 மில்லி ஆம்ப். கூட்டினால் 2.05. அதன் மேல் கால் பங்கு கூடுதல் வைத்தால் சுமார் 2.6. 3 ஆம்ப் பூஸ்டர் தாராளம்.

அதே பத்துப் பெட்டியில் பழைய குண்டு பல்பு பெட்டிக்கு இரண்டாக, ஒவ்வொன்றும் 50 மில்லி ஆம்ப் எடுத்தால் விளக்குக்கு மட்டுமே ஒரு ஆம்ப், கால் பங்கு கூடுதலோடு மொத்தம் 3.6க்குப் போய்விடும். இந்த இடத்தில் பெரிய பூஸ்டர் தேடுவதைவிட பல்பை மாற்றுவது மேல் என்பது என் கட்சி. இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். சவுண்ட் டீகோடர்களில் கெப்பாசிட்டர் இருக்கும், சுவிட்ச் போட்ட நொடியில் எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக மின்சாரத்தை உறிஞ்சும், சின்னப் பூஸ்டர் இதை ஷார்ட் என்று நினைத்து வெட்டும், மறுபடி முயலும், மறுபடி வெட்டும். ஓடும்போது வேண்டியது 2 ஆம்ப்தானே என்று 2 ஆம்பிலேயே வாங்கினால் இதுதான் நடக்கும்.

அப்படியானால் 10 ஆம்பாக வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே என்று தோன்றும். அங்கேதான் பூஸ்டர் என்ற பெயர் ஆளைக் கவிழ்க்கிறது. தடம் புரண்ட ஒரு சக்கரம், பாதை இரண்டாகப் பிரியும் பாயின்ட்டின் மேல் குறுக்கே கிடக்கிறது, முழு ஷார்ட் இல்லை, அரைகுறை. 4 ஆம்ப் போகிறது. 3 ஆம்ப் பூஸ்டர் உடனே வெட்டிவிடும். 10 ஆம்ப் பூஸ்டருக்கு அது சாதாரண சுமை, பேசாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். 15 வோல்ட்டில் 4 ஆம்ப் என்றால் 60 வாட், நாம் கையில் பிடிக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்தச் சூடு பெரும்பாலும் சக்கரங்களைத் தாங்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டத்தின் பக்கத்தில் இறங்குகிறது, அது உருகுவதற்கு அதிக நேரம் ஆகாது. அதனால்தான் ‘என்’ அளவுக்கு 3, ஹெச்ஓவுக்கு 5 தாண்டாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். 8, 10 எல்லாம் தோட்டத்தில் ஓடும் பெரிய ஜி (G) அளவு வண்டிகளுக்கு.

அடாப்டரையும் பார்த்து வாங்க வேண்டும். 5 ஆம்ப் பூஸ்டருக்கு 2 ஆம்ப் அடாப்டர் கொடுத்தால் கிடைப்பது 2 ஆம்ப்தான். பழைய லேப்டாப் சார்ஜர் பலரிடம் சும்மா கிடக்கும், 19 வோல்ட், 3.42 ஆம்ப் என்று எழுதியிருக்கும், ஆம்ப் சரிதான், ஆனால் வோல்டேஜைத் தானே ஒழுங்குபடுத்தாத பூஸ்டரில் அதை மாட்டினால் ‘என்’ அளவு வண்டிக்கு அது ரொம்பவே அதிகம். ஆர்டுயினோ என்கிற சின்ன மின்னணுப் பலகையில் டிசிசி-இஎக்ஸ் என்கிற மென்பொருளைப் போட்டுத் தானே செய்துகொள்கிறவர்கள், அதன் மேல் செருகும் வழக்கமான மோட்டார் ஷீல்டின் வரம்பு ஒரு சேனலுக்கு 2 ஆம்ப் என்பதை மறந்துவிடக் கூடாது, சேலத்து மே மாத மாடி அறையில் அதுகூடத் தாங்குமா என்பது காற்றோட்டத்தைப் பொறுத்தது.

பெட்டி சரியாக அமைந்தாலும் ஒயர் கெடுத்துவிடும். லேஅவுட்டுக்கு அடியில் பத்து மீட்டர் போகும் மெயின் ஒயர் 0.75 சதுர மில்லிமீட்டர் என்றால், போக வர இருபது மீட்டருக்கு அரை ஓம் தடை, 5 ஆம்பில் இரண்டரை வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் முக்கால் வோல்ட்தான். சோதிக்க எளிய வழி, பூஸ்டரிலிருந்து தூரமான இடத்தில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். உடனே வெட்ட வேண்டும். வெட்டவில்லை என்றால் நாணயத்தை எடுத்துவிட்டு ஒயரைப் பாருங்கள், பூஸ்டரைக் குறை சொல்லாதீர்கள்.

நண்பர் லேஅவுட்டைப் பெரிதாக்கி மேக்னசைட் ஜங்ஷன், டவுன் ஸ்டேஷன் எல்லாம் சேர்க்கப் போகிறாராம். வரம்பை 8க்கு ஏற்ற வேண்டாம், இன்னொரு 3 ஆம்ப் பூஸ்டரை வைத்து மலையைத் தனியாக, ஜங்ஷனைத் தனியாகப் பிரித்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். அப்படிப் பிரித்த பகுதியை ஆங்கிலத்தில் பவர் டிஸ்ட்ரிக்ட் என்பார்கள், மின்வட்டாரம் என்றால் தமிழில் நன்றாகவே நிற்கிறது. மலையில் வண்டி கவிழ்ந்தால் மலை வட்டாரம் மட்டும் நிற்கும், ஜங்ஷனில் ஓடுவது ஓடிக்கொண்டிருக்கும். எல்லையில் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி இடைவெளி விடவேண்டும், இரண்டு பூஸ்டரின் இணைப்பும் ஒரே பக்கமாக இருக்கவேண்டும், மாறிப்போனால் இன்ஜின் எல்லையைத் தாண்டும் அந்த நொடியில் ஷார்ட்.