முதலில் மூக்கு: ஐபிஏ பியரை எடைபோடும் முறை

ஐபிஏ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கசப்பு. ஆனால் இந்தியா பேல் ஏல் என்கிற இந்த பியரில் முதலில் பறந்துபோவது மணம். ஆகவே முதலில் பிடிக்க வேண்டியதும் அதைத்தான். பியர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் 50 மதிப்பெண் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. அந்தச் சுவைக் கணக்கிலும் பெரும்பங்கு மூக்குடையது. விழுங்கும்போது தொண்டைக்குப் பின்னாலிருந்து ஆவி மூக்குக்கு ஏறுகிறது.

இந்த மணத்தையும் கசப்பையும் தரும் ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூக்கூம்பு. இதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடியாகத் தெரியும் லுபுலின் சுரப்பிகளில் பிசினும் எண்ணெயும் இருக்கின்றன. பிசினின் ஆல்ஃபா அமிலங்கள் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது ஐசோ-ஆல்ஃபா அமிலங்களாக உருமாறிக் கரைகின்றன. கசப்பு அதனால் வருகிறது. எண்ணெயோ அதே கொதியில் ஆவியாகிவிடும். அதனால்தான் மணத்துக்கான ஹாப்ஸைக் கொதி அடங்கிய பிறகும், நொதித்தல் முடியும் தறுவாயிலும் போடுகிறார்கள். இரண்டாவதற்கு ட்ரை ஹாப்பிங் என்று பெயர்.

பியர் 7 முதல் 10 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். அதைவிடக் குளிர்ந்தால் மணம் எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். வாய் குறுகிய டியூலிப் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும். குமிழிகள் உட்சுவரில் ஒட்டி நின்றால் கிளாஸில் அழுக்கோ எண்ணெய்ப் பசையோ இருக்கிறது. அதை வைத்து நுரையை மதிப்பிடாதீர்கள்.

ஊற்றிய கையோடு இரண்டு மூன்று சின்ன மோப்பம். பிறகு கிளாஸை உள்ளங்கையால் மூடி, சுழற்றி, திறந்து மீண்டும் மோந்து பாருங்கள். பச்சைப் பிசின் வாடை என்றால் ஹாப்ஸ் எண்ணெயிலுள்ள மிர்சீன், பூவும் எலுமிச்சையும் கலந்தது என்றால் அதே எண்ணெயின் லினலூல். பேஷன் பழ வாசனை பெரும்பாலும் தயால் என்னும் கந்தகச் சேர்மங்களுடையது. லிட்டருக்கு நானோகிராம் அளவிலேயே மூக்கு அவற்றைக் கண்டுகொள்ளும். வாய் வைக்கும் முன்பே குறித்துவிடுங்கள். மூக்கு சலித்தால் உங்கள் சட்டைக் கையை மோந்தாலே தெளியும்.

இனி ஒரு மடக்கு. நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். துப்பினால் பின்னால் வரும் கசப்பைச் சரியாக எடைபோட முடியாது. கசப்பை அளக்கும் அலகான ஐபியு என்பது ஏறத்தாழ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஐசோ-ஆல்ஃபா அமிலம். அமெரிக்க ஐபிஏ வழக்கமாக 40 முதல் 70 வரை இருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மால்ட் இனிப்பு தூக்கலான பியரில் 60 சாதுவாகத் தெரியும். இனிப்பே இல்லாத பியரில் 40-ஏ உறைக்கும். பார்க்க வேண்டியது கசப்பு எப்படி முடிகிறது என்பதை. சுத்தமாக அடங்கினால் நல்லது. ஈறு சுருங்குவதுபோல் துவர்த்தால், ஹாப்ஸ் இலைச்சத்து அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம். கசப்பு மடக்குக்கு மடக்கு சேர்ந்துகொண்டே போகும். நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் கட்டாயம்.

குறைகளையும் மூக்கே காட்டிக்கொடுக்கும். ஸ்கங்க் என்னும் விலங்கு பீய்ச்சும் நாற்றம் போன்ற வாடை வெளிச்சத்தின் வேலை: ஒளி பட்டு ஐசோ-ஆல்ஃபா அமிலம் உடைந்து கந்தகத்தோடு சேர்கிறது. பழுப்பு பாட்டில் இதைப் பெரிதும் தடுக்கும். பச்சையும் நிறமற்றதும் தடுக்காது. ஈர அட்டைப்பெட்டி வாடை ஆக்சிஜனால் வருவது. வெண்ணெய் வாடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ட்ரை ஹாப்பிங்கில் ஹாப்ஸின் நொதிகள் மாவுச்சத்தின் மிச்சத்தை உடைக்க, ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கி, இந்த வாடையைத் தரும் டயஅசிட்டைல் உண்டாக வழிசெய்கிறது. அது தீரும் முன் அடைத்துவிட்டால் அந்த வாடை தங்கிவிடும்.

கடைசி இரண்டு மடக்கை மிச்சம் வையுங்கள். 15 டிகிரிக்கு வந்ததும் மறுபடி மோந்து பாருங்கள். குளிரில் ஒளிந்திருந்த வெண்ணெயும் அட்டையும் அப்போதுதான் வெளியே வரும்.