அறிக்கையில் ‘ஈ. கோலை’ என்று வந்தால்

கல்ச்சர் (மாதிரியிலுள்ள கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் ‘ஈ. கோலை’ என்ற பெயரைக் கண்டு கலங்கிப்போய் எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மாதிரியில் அது வளர்ந்தது என்பதைத்தான். மலத்தில் இந்த பாக்டீரியா இருப்பது நோயன்று, இல்லாமலிருந்தால்தான் வியப்பு.

எஷெரிச்சியா கோலை என்பது முழுப்பெயர். குழந்தை மருத்துவரான தியோடர் எஷெரிச் 1885-இல் பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்து விவரித்தார். பேரினப் பெயர் அவரைக் குறிக்கிறது. எண்டெரோபாக்டீரியேசியே குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள, கோல் வடிவ, கிராம் எதிர்வகை (கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறத்தைத் தக்கவைக்காத) பாக்டீரியா இது. ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழ வல்லது என்பதால், பிறந்த சில நாட்களுக்குள் குழந்தையின் குடலில் குடியேறி, அங்குள்ள ஆக்சிஜனைத் தான் பயன்படுத்திக்கொண்டு, ஆக்சிஜன் ஆகாத மற்ற பாக்டீரியாக்கள் பெருக வழிவிடுகிறது.

மாலையில் மாக்கான்கி என்னும், பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகத் தட்டில் இழுத்துவிட்டு 37 டிகிரி செல்சியஸில் வைத்த மாதிரி, மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறக்கும்போது அடர்ந்த ரோஜா நிறப் புள்ளிகளாக வளர்ந்திருக்கும். லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைச் சிதைத்து இது அமிலம் உண்டாக்குவதால் வரும் நிறம் அது. ஷிகெல்லா என்னும் மற்றொரு குடல் பாக்டீரியா அதே தட்டில் நிறமின்றி வளரும். ஆனால் மரபணு வரிசையைப் பார்த்தால் ஷிகெல்லாவும் ஈ. கோலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சீதபேதியை உண்டாக்குவதால் மருத்துவத்தில் அதன் தனிப்பெயர் நீடிக்கிறது, அது நீடிப்பதே நல்லது என்பது என் கருத்து.

இனப்பெயர் ஒன்றேயானாலும் குணம் ஒன்றன்று. செல்லின் மேற்பரப்பிலுள்ள ஓ, நீந்த உதவும் கசையிழையிலுள்ள எச் என்னும் ஆன்டிஜென்களை (நம் நோயெதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் மூலக்கூறுகளை) கொண்டு உள்வகைகளைப் பிரிக்கிறோம். 1982-இல் இரத்த வயிற்றுப்போக்குக்குக் காரணமென அறியப்பட்ட ஓ157:எச்7 வகை சுரக்கும் ஷிகா நச்சு, சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடும். இரத்தத்துடன் பேதியாகும்போது ஆன்டிபயாடிக்கைத் தாமாக வாங்கிக் கொடுப்பது, இந்த வகையில், அந்த ஆபத்தைக் கூட்டலாம்.

குடலில் சாதுவாக இருக்கும் வகைகளும் சிறுநீர்ப் பாதைக்குள் ஏறினால் தொற்றாகின்றன. சிறுநீர்த் தொற்றுக்கு மிகப் பரவலான காரணமே ஈ. கோலைதான். ஆனால் சத்தும் சூடும் வாய்த்தால் 20 நிமிடத்தில் இரட்டிக்கும் உயிரி இது. அந்த வேகம் இல்லாவிட்டாலும், தோலிலிருந்து தவறி விழுந்த சில செல்கள், மேசையில் மணிக்கணக்கில் கிடந்த சிறுநீரில் பெருகி, தொற்றில்லாதவருக்கும் தொற்று இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே, சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து, 2 மணி நேரத்துக்குள் கொண்டுவந்து தாருங்கள். தாமதமாகுமெனில் அதுவரை குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.