உடம்புக்குள் ஒரு பன்றிநெல்

டிசம்பர் 1 உலக எயிட்ஸ் தினம். இலங்கையின் கிழக்கில், எங்கள் மட்டக்களப்புப் பக்கம் அது மாரி காலம். படுவான்கரை வயல்களில் பெரும்போக நெல் பச்சையாக நிற்கும், நுளம்பும் பெருகிக் கிடக்கும். அப்படியொரு நாளில் ஊர்க் கூட்டமொன்றில், எயிட்ஸுக்குக் காரணமான எச்.ஐ.வி வைரஸ் பற்றிப் பேசி முடித்ததும், முன்வரிசையில் இருந்த வயதான பெத்தா ஒருவர்தான் முதலில் கேட்டார்: "நுளம்பு கடிச்சா அந்த வருத்தம் வராதா மனே? டெங்கு வருதுதானே."

நியாயமான கேள்வி. டெங்கு வைரஸ் நுளம்பின் குடலுக்குள் பெருகி, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்விடும். கடிக்கும்போது நுளம்பு நமக்குள் விடுவது அந்த உமிழ்நீரைத்தான், முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. எச்.ஐ.வி ஒரு கலத்துக்குள் நுழைய, அந்தக் கலத்தின் மேல் சி.டி.4 என்ற புரதம் இருக்க வேண்டும். அது மனிதரின் சில வெண்குருதிக் கலங்களில் உண்டு, நுளம்பின் கலங்களில் இல்லை. ஆகவே நுளம்பு குடித்த இரத்தத்தோடு வைரஸும் செரித்து அழிந்துபோகிறது.

இரத்தம், விந்து, பெண்ணுறுப்பு மற்றும் மலவாய்த் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகவே எச்.ஐ.வி தொற்றும். ஆணுறையில்லாத உடலுறவு, ஒரே ஊசியைப் பலர் பாவிப்பது, தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது ஆகியவை முக்கியமான பாதைகள். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலோ, கட்டிப்பிடித்தாலோ, ஒரே கிணற்றில் குளித்தாலோ தொற்றாது. செத்தவீட்டுக்குப் போனாலும் தொற்றாது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்திருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, உள்ளே நுழைந்தபின் அது என்ன செய்கிறது? சி.டி.4 கலங்கள்தான் மற்ற எதிர்ப்புக் கலங்களுக்கு 'எழும்பு, சண்டை பிடி' என்று சொல்பவை. எச்.ஐ.வி தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ வடிவில் கொண்டுவருகிறது. உள்ளே போனதும் தன்னோடு கொண்டுவந்த ஒரு நொதியத்தால் (என்சைம்) அதை, நம் மரபுச் செய்தி எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ வடிவுக்கு மாற்றி எழுதுகிறது. இன்னொரு நொதியம் அந்த டி.என்.ஏயை நம்முடைய டி.என்.ஏக்குள்ளேயே தைத்துவிடுகிறது. அதன்பிறகு அந்தக் கலம் தன் வேலையென்று நினைத்து வைரஸைச் செய்யத் தொடங்கும்.

வயல் செய்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பன்றிநெல் என்பது வயலில் நெல்லோடு வரும் களை. முளைக்கும்போது பார்த்தால் நல்ல நெல்லேதான், பிடுங்கவும் தெரியாது, மருந்தடித்தால் நல்ல பயிரும் சேர்ந்து சாகும். அறுவடைக்கு முன்னமே விதையைக் கொட்டிவிடும். அந்த விதை மண்ணுக்குள் கிடந்து, பிறகொரு போகத்தில் முளைக்கும். எச்.ஐ.வி தைத்துக்கொண்ட கலங்களிலும் சில இப்படித்தான் உறங்கிக் கிடக்கின்றன.

தொற்றி இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை நோவு வரும், பிறகு மாறிவிடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது, ஆனால் சி.டி.4 கலங்கள் குறைந்துகொண்டே போகும். சுகமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 500க்கு மேல் இருப்பவை 200க்குக் கீழே இறங்கும்போதோ, சில குறிப்பிட்ட கடும் தொற்றுகள் பிடிக்கும்போதோதான் அதை எயிட்ஸ் என்கிறோம். எச்.ஐ.வி என்பது வைரஸ். எயிட்ஸ் என்பது மருந்தில்லாமல் விட்டால் அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். பலருக்கு அந்த வழி எட்டுப் பத்து வருடம் நீளும். இன்று குளிசை எடுப்பவர் அந்த இடத்துக்குப் போகவே வேண்டியதில்லை.

இந்த வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது நிறையப் பிழை விடும், அந்தப் பிழைகளில் ஒன்று மருந்துக்குத் தப்பிவிடலாம். அதனால் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் ஒரே குளிசையில். ஒன்று மாற்றி எழுதுவதைத் தடுக்கும், இன்னொன்று தைப்பதைத் தடுக்கும். ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இரத்தத்தில் வைரஸைப் பரிசோதனையால் காணமுடியாத நிலை வந்துவிடும். அந்த நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவால் எச்.ஐ.வி தொற்றாது. இதில் சந்தேகமே வேண்டாம், ஆயிரக்கணக்கான தம்பதிகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து உறுதிசெய்த விடயம். நம் ஊரில் இதைத் தெரியாதவர்கள்தான் அதிகம், எனக்கு அதுதான் பெரிய கவலை. ஆனால் குளிசையை நிறுத்தினால், உறங்கிய விதைகள் சில கிழமைகளிலேயே முளைத்துவிடும்.

பரிசோதனையும் மருந்தும் அரச கிளினிக்குகளில் இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது, வருபவரின் விபரத்தை வெளியே சொல்லமாட்டார்கள். சந்தேகப்படும் சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போனால், தொற்றைத் தடுக்கும் மருந்தும் உண்டு. உடனே சோதித்தால் சிலவேளை தெரியாது, அதனால் டொக்டர் சொல்லும் நாளில் மறுபடி சோதிக்க வேண்டும்.

அன்றைக்குப் பெத்தா கடைசியாக இன்னொன்றும் கேட்டார், இம்முறை குரலைத் தாழ்த்தி. "அப்ப குளிசை போடுற பொம்புள பிள்ள பெறலாமா?"

"பெறலாம் பெத்தா. ஒழுங்காக மருந்தெடுத்தால் பிள்ளைக்குத் தொற்றுவது மிக மிக அரிது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி போவதை நம் நாடு ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்திருக்கு."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் கலையும்வரை இருந்து, கிளினிக் எந்தெந்த நாளில் திறந்திருக்கும் என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்.